குழியில் ஊறும் நீர்

தண்ணீர் ஜக்கை அண்ணன் பீரோவின் மேல் தூக்கி வைத்தான். தங்கைக்கு எட்டாத உயரம். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். அவன் நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"எறங்கு."

"மாட்டேன். காலையிலருந்து நாக்க நீட்டி நீட்டி உதட்ட நக்குறாரு. உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"நெஞ்சுல தண்ணி கட்டியிருக்கிற மனுசனுக்கு இன்னும் தண்ணி ஊத்தச் சொல்றியா? பெத்த அப்பனுக்கு எவளாவது இப்படிச் செய்வாளா?"

கட்டிலில் அப்பா தலையணைகளின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு வராது. வாய் திறந்தே கிடந்தது. வெயிலில் காய்ந்த பழைய செருப்பைப் போல உதடு வெடித்திருந்தது. அம்மா கால்மாட்டில் உட்கார்ந்து அவர் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். யார் பக்கமும் பேசவில்லை. அம்மா பேசாமல் இருந்தால் மகன் பக்கம் என்று அர்த்தம். மகளுக்கு அது பிறந்ததிலிருந்தே தெரியும்.

அப்பாவும் அண்ணனும் கல்குவாரியில் மோட்டார் ஓட்டியவர்கள். பாறை வெட்டிய குழியில் ஊறுகிற தண்ணீரை இறைத்து வெளியே தள்ளுகிற வேலை. மோட்டார் நின்றால் குழி நிரம்பும், அன்றைக்கு எல்லாருக்கும் கூலி போகும். கல்தூசியோ, சிகரெட்டோ, ஏதோ ஒன்று அப்பாவின் நெஞ்சில் புற்றாகி உட்கார்ந்தது. பிறகு நுரையீரலைச் சுற்றித் தண்ணீர் கட்டியது.

ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி செருகி அதைப் பாட்டிலில் இறக்கினார்கள். முதல் தடவை அப்பா பாட்டிலைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "நம்ம குழியில இம்புட்டு வந்தா இன்னொரு மோட்டார் கேட்டிருப்பேன்டா." அண்ணனும் சிரித்தான். ஆனால் எடுக்க எடுக்க ஊறியது. இனி எடுத்துப் பயனில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வரும் வழியிலேயே அண்ணன் முடிவு செய்துவிட்டான். குடிக்கிற தண்ணீர்தான் வரத்து, அந்த வரத்தை அடைக்காமல் இறைத்து என்ன பிரயோசனம்? அதை அப்பாவிடமும் சொன்னான். அப்பா தலையாட்டினார்.

அவள் நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினாள். செல்போனை எடுத்து வார்டு நர்ஸுக்கு அடித்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, எங்கிட்ட சொன்னத எங்கண்ணன்கிட்ட நீங்களே சொல்லுங்க. எனக்கு வாய் வலிச்சுப்போச்சு."

"குடிக்கிற தண்ணி வயித்துக்குத்தாங்க போகுது, நெஞ்சுக்கு இல்ல," என்றாள் நர்ஸ். பின்னால் யாரோ டிராலி தள்ளும் சத்தம். "நுரையீரல் மேல ஒரு சவ்வு, நெஞ்சுக்கூட்டு உள்பக்கம் ஒரு சவ்வு. மூச்சு விடும்போது ரெண்டும் உரசாம வழுக்கணும்ல? அதுக்கு நடுவுல ரெண்டு ஸ்பூன் தண்ணி எல்லாருக்கும் இருக்கும். உங்களுக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. அது பாட்டுக்குக் கசியும், அது பாட்டுக்கு வடியும்."

"கசியறதுக்குத் தண்ணி எங்கருந்து வருது? குடிச்சாத்தானே?"

"ரத்தத்துலருந்து கசியுதுங்க. இவருக்குக் கசிவு கூடிப்போச்சு, வடியற வழியும் அடைச்சுப்போச்சு. நீங்க தண்ணிய நிறுத்தினா அது நிக்காது. நாக்குதான் காயும். சாய்ச்சு உக்கார வச்சு, விழுங்கினாருன்னா ஸ்பூன்ல கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. பாவம், குடுங்க."

அண்ணன் போனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்ப கோளாறு வரத்துல இல்ல. வடிகால்ல," என்றான். பழுதான மோட்டாரை விட்டுவிட்டு வேறு மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டவனைப் போல இருந்தது அவன் முகம்.

"ஆமா. இத நான் நேத்தே சொன்னேன். நான் சொன்னா உன் காதுல ஏறுமா?"

அவன் ஜக்கைத் தானே இறக்கி, டம்ளரில் ஊற்றி, ஸ்பூனோடு கொண்டுவந்து கொடுத்தான்.

அவள் ஸ்பூனை உதட்டருகே கொண்டுபோனாள். அப்பா வாயை மூடிக்கொண்டார்.

"தண்ணிப்பா."

"வேணாம்... ஊறிடும்."

"ஊறாதுப்பா. நர்ஸே சொல்லிட்டாங்க."

"அவ... குழியில... எறங்கியிருக்காளா?" ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வாங்கியது. கண் அண்ணனைத் தேடியது. "பெரியவன் சொன்னான்ல."

அண்ணன் கட்டிலோரம் மண்டியிட்டான். "நான் சொன்னது தப்புப்பா. புரியாம சொல்லிட்டேன். குடிங்கப்பா."

அப்பா அவனையே பார்த்தார். கோபமில்லை. வேலையில் கை தளர்ந்த ஆளை மேஸ்திரி தட்டிக்கொடுப்பதுபோல அவன் தோளில் கையை வைத்தார். மகன் மனசு கேட்காமல் விட்டுக்கொடுக்கிறான் என்றுதான் நினைத்துவிட்டார்.

"நல்லா... அடைச்சு வச்சிருந்தே. இப்ப... விட்டுடாத."

"அய்யோ, அப்பா!"

உதடு இறுகிவிட்டது. அவள் மறுபடி ஸ்பூனை நீட்டினாள். தண்ணீர் தாடையில் வழிந்து சட்டைக்குள் போனது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கட்டட வேலையில் நாளெல்லாம் கலவைச்சட்டி தூக்குகிற கை அவளுடையது. ஒரு ஸ்பூன் தண்ணீரை ஒரு கிழவனின் வாய்க்குள் கொண்டுபோக முடியவில்லை.

ஸ்பூனைத் தரையில் எறிந்தாள். "சாகணும்னா சாவுங்க! தண்ணி குடிச்சிட்டுச் சாவுங்க!"

"வாய மூடுடி," என்றாள் அம்மா. அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை.

அண்ணன் விடவில்லை. கெஞ்சினான், அதட்டினான், தான் ஒரு மடக்குக் குடித்துக் காட்டினான். அப்பா தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு அதையும் நிறுத்திவிட்டார். மூச்சு விட்டுவிட்டு வந்தது. வெயில் சன்னலை விட்டு இறங்குவதற்குள் அதுவும் நின்றது.

அம்மா அழுது ஓய்ந்து, எழுந்துபோய்ச் சட்டியில் வெந்நீரும் துணியும் கொண்டுவந்து வைத்தாள். "ஆளுங்க வர்றதுக்குள்ள தொடைச்சு விடு."

அண்ணன் அப்பாவின் தலையை இரண்டு கையிலும் தாங்கிக்கொண்டான். அவள் நெற்றியைத் துடைத்தாள், கண்ணோரத்தைத் துடைத்தாள், வெடித்த உதட்டைத் துடைத்தாள். வாய் இப்போது தானாகத் திறந்திருந்தது. துணியிலிருந்து ஒரு சொட்டு நழுவிப் பல்லிடுக்கில் நின்றது. அண்ணன் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் கொஞ்சம் நனை," என்றான்.

அவள் துணியைச் சட்டியில் முக்கினாள். பிழியாமல் எடுத்தாள்.