ப்ரோஷின் ஆறு காகிதங்கள்

பதினோரு வருஷமாக எக்பெர்ட் ஒரே பதிலைத்தான் சொல்கிறான்: "முடியாதுன்னா முடியாது." ஜெர்மனியில், காஸெலில் ஒரு பள்ளிக்கூட விளையாட்டுக் கூடம், ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தை. அவன் மேஜையில் நான் கேட்கும் அந்த விருதுச் சான்று கிடக்கிறது. முத்திரையிலுள்ள நாஜி ஸ்வஸ்திகாவைச் சட்டப்படி மறைக்க ஒட்டும் வெள்ளைச் சீட்டைக்கூடக் கோணலாகத்தான் ஒட்டியிருக்கிறான். அவன் சேர்ப்பது பதக்க வகையை. வகைக்கு ஒரு சான்று இருந்தால் போதும், பெயர் யாருடையதாக இருந்தால் என்ன? நான் சேர்ப்பது ஆளை. ஹிட்லர் காலத்துப் போலீஸ் படையில் சார்ஜென்ட்டாக இருந்த வெண்டலின் ப்ரோஷின் ஆறு சான்றுகள் எப்போதோ பிரிந்து ஊர் ஊராகப் போய்விட்டன. ஐந்தைப் பிடித்துவிட்டேன். ஆறாவது இந்தக் கல்நெஞ்சனிடம்.

கெஞ்சிப் பார்த்தாயிற்று. பதிலுக்கு மூன்று நல்ல சான்றுகள் தருகிறேன் என்றும் சொல்லியாயிற்று. மசியவில்லை. அதனால் இந்த முறை ப்ரோஷின் மகளையே தேடிக் கண்டுபிடித்துக் கூட்டி வந்துவிட்டேன். ரோஸ்வித்தா அம்மாளுக்கு எண்பத்தொன்று. தொலைபேசியில் "எத்தனை காகிதம் சேந்திருக்கு?" என்று மட்டும் கேட்டார். ஆசையில் கேட்கிறார் என்று நினைத்தேன், மடையன்.

"இவங்க ப்ரோஷோட பொண்ணு. இப்ப சொல்லு பாப்போம், முடியாதுன்னு."

எக்பெர்ட் வாயிலிருந்த தொத்திறைச்சியை அவசரமாக விழுங்கினான். "வயசானவங்கள இழுத்துட்டு வந்திருக்கியே, வெக்கமா இல்லையாய்யா உனக்கு? எடுத்துத் தொலை!"

ஆறையும் தேதிப்படி அடுக்கினேன்.

"அடுக்காதீங்க," என்றார் ரோஸ்வித்தா அம்மாள்.

"ஏம்மா?"

"பிரிச்சதே நாந்தான். அப்பா செத்த வாரமே ஆறு ஊருக்குப் போயி ஆறு வியாபாரிகிட்ட குடுத்துட்டு வந்தேன். உங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லையா? என் பேரனுக்கு அவர் பேரத்தான் வெச்சிருக்கு."

எனக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. பதினோரு வருஷம்! அப்புறம்தான் காகிதங்களைப் பார்த்தேன். ஆறாவது, காட்டில் ஒளிந்திருந்து எதிர்த்த கெரில்லாப் போராளிகளை வேட்டையாடியதற்குக் கொடுத்தது. அந்த வேட்டையில் கிராமங்களை ஆளோடு கொளுத்தினார்கள் என்பது எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் "அபூர்வமான சான்று" என்றுதான் சொல்லிக்கொள்வோம். ஆறாவதில் இருந்தது கொடுத்த தேதியும் வேட்டை நாட்களின் எண்ணிக்கையும் மட்டும்: இருபது நாள். அந்த நாட்களில் ப்ரோஷ் எந்த ஊரில் இருந்தார் என்பது என்னுடைய ஐந்தாவதில் இருந்தது. தனித்தனியாக இருந்தவரை இரண்டும் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தவன் நான்.

ஜென்மத்தில் ஒரு பெயரைப் படித்திராத எக்பெர்ட், இன்றைக்கென்று பார்த்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தான். "இது எங்கய்யா இருக்கு, இந்த ஊரு? கேள்விப்பட்டதே இல்லையே."

"பெலாரஸ்ல," என்றார் ரோஸ்வித்தா அம்மாள். "முப்பத்தோரு வீடு இருந்துச்சாம். நான் போயிருந்தேன். முழங்காலளவு புல்லு. ஒரு கெணறு மட்டும் இருக்கு, மூடி போட்டு."