வேண்டாம் என்று வாழ்ந்த வாரம்

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஆழக் குழிக்கு மேலே, ஆடுகிற லிஃப்ட் கூரையில் நின்று வேலை பார்த்தபோதெல்லாம் வராத நடுக்கம், ஓர் ஆஸ்பத்திரியில் வைத்து அவனைப் பிடித்துக்கொண்டது.

இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டிருந்தது. உள்ளே ஸ்ட்ரெச்சரில் ஒரு நோயாளி, ஒரு நர்ஸ், நோயில் பூசுதல் என்னும் எண்ணெய்ச் சடங்கைச் செய்ய வந்த ஒரு ஃபாதர். இவன் கூரையில் இறங்கி, அவசரக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். நோயாளி பயத்தில் கைகளை உதறிக்கொண்டிருந்தார். ஃபாதர் முழங்காலிட்டு அவர் நெற்றியில் எண்ணெய் பூசி, "நான் எங்கயும் போகல, இங்கயேதான் இருக்கேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். உதறல் மெல்ல அடங்கியது. இவன் லிஃப்டைக் கீழே இறக்கி, கதவைத் திறந்துவிட்டான். அதோடு வேலை முடிந்தது. 'அந்த ஃபாதர் செய்தது, நீ செய்ய வேண்டிய வேலை' என்று உள்ளே எழுந்த நினைப்பு மட்டும் முடியவில்லை.

அன்றிலிருந்து கோயிலில் தேவ அழைத்தலுக்காக, குருவாகப் போக ஆட்கள் வர வேண்டும் என்று வேண்டும்போது, பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவார்களோ என்பதுபோலத் தலையைக் குனிந்துகொள்வான். வீட்டில் அக்கா ஒருத்திதான். மருந்துக்கடையில் வேலை பார்த்து அவனைப் படிக்கவைத்தவள். இப்போது மும்முரமாக அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் எந்த வாயால் சொல்வது?

கடைசியில் அதே ஃபாதரைத் தேடிப் போனான். "எனக்கு இது சரிப்படாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க ஃபாதர். நிம்மதியாப் போயிடுறேன்" என்றான்.

அவர் சொல்லவில்லை. ஒரு வாரம், வேண்டாம் என்று முடிவெடுத்தவனாகவே வாழச் சொன்னார். அடுத்த வாரம், சரி என்று சொல்லிவிட்டவனாக. என்ன நடக்கிறது என்று கவனித்துவிட்டு வந்தால் போதும் என்றார்.

வேண்டாம் வாரம் விடுதலை கிடைத்த மாதிரி தொடங்கியது. வயிறு நிறையச் சாப்பிட்டான். அக்கா காட்டிய போட்டோவைப் பார்த்து, பெண் லட்சணமாக இருக்கிறாள் என்றுகூடச் சொன்னான். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் நாள் போகப் போக எல்லாம் சப்பென்று ஆனது. யாரோ ஊரைவிட்டுப் போய்விட்டாற்போல இருந்தது. போனது யார் என்றுதான் தெரியவில்லை.

அந்த யோசனையிலேயே ஒரு நாள் ஸ்டாப் சுவிட்சை அழுத்தாமல் லிஃப்ட் கூரையில் குனிந்து வேலை செய்தான். மேல் மாடியில் யாரோ பட்டனைத் தட்ட, கூரை விருட்டென்று எழும்பியது. பக்கத்தில் நின்ற கூட்டாளி பாய்ந்து சுவிட்சை அடித்தார். எல்லோரும் சித்தப்பா என்று கூப்பிடும் மனுஷர், சும்மா இருக்கும்போதே வாய் ஓயாதவர். அன்று இவன் கையிலிருந்த ஸ்பானரைப் பிடுங்கிப் பையில் போட்டு, கீழே இறங்கு என்று கையை மட்டும் காட்டினார்.

கடவுள் தண்டிக்கிறாரா என்று ஃபாதரிடம் ஓடினான்.

"அது கடவுளோட அடையாளம் இல்லப்பா, உங்க கவனக்குறைவு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. முதல்ல சுவிட்ச அழுத்துங்க" என்றார்.

சரி வாரத்தில் பயம் மூட்டைமுடிச்சோடு வந்து குடியேறியது. தனிமை, கீழ்ப்படிதல், சாகிறவர்களின் முகம், எல்லாம் கண்முன் வந்து நின்றன. ஒரு காலையில் முகம் கழுவிக்கொண்டே அழுதான். ஆனால் போன வாரத்து வெறுமை எங்கோ ஓடிவிட்டிருந்தது. பயந்தபடியே வேலை செய்தான், ஒரு தப்பும் வரவில்லை. பயந்தபடியே ஜெபித்தான், கேட்க ஆள் இருந்தது போலிருந்தது.

அந்த ஞாயிறு மத்தியானம், குருவாகப் படிக்கக் குருமடத்துக்குப் போக நினைப்பதை அக்காவிடம் சொன்னான். துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையிலிருந்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். தான் சம்மந்தம் பேசியது பிடிக்காமல் ஓடுகிறானா என்று கேட்டாள். இல்லை என்றான். வயதான காலத்தில் தனக்கு யார் என்று கேட்டாள்.

"எனக்கு பயமா இருக்குக்கா" என்றான்.

"எனக்கு மட்டும் இல்லையா?" என்றாள். பிறகு சட்டையைத் திரும்ப எடுத்தாள். "போறதுன்னா போ. ஆனா, அக்காவுக்காகத்தான் போகாம இருந்துட்டேன்னு நாளைக்கு என் தலையில கட்டாத. அத என்னால சுமக்க முடியாது."

சில மாதங்கள் கழித்துக் குருமடத்துக்கு அவளே கூட வந்தாள். அதிபரிடம், இவன் பசியை வாய்விட்டுச் சொல்லமாட்டான், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவள் தோள் குலுங்குவதை அவன் பார்த்தான்.

அவனுக்கு ஒதுக்கிய அறையில் ஒரு கட்டிலும் மேசையும் இருந்தன. கட்டிலில் உட்கார்ந்தான். பையை இன்னும் பிரிக்கவில்லை. இப்போது எழுந்தால் அவளை வாசலிலேயே பிடித்துவிடலாம்.

ஜெபத்துக்கு மணி அடித்தது. வெளியே வந்தான். சிற்றாலயம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. முன்னால் போனவர்களின் பின்னாலேயே போனான்.