பாடைச்சுழிக் குட்டி

காலை பதினோரு மணிக்குக் கருப்பாயி குட்டி போட்டாள். கருப்பாயி என் குதிரை. அவளுக்கு ஒரு பண்ணை உண்டு, லாயம் உண்டு, தண்ணீர்த் தொட்டி உண்டு. எல்லாம் என் போனுக்குள். வெளியே ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பாளம் பாளமாக வெடித்த கரிசல் காடுதான் கிடந்தது.

டாக்டரம்மா கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, பாத்ரூமுக்கு மட்டும்தான் எழும்ப வேண்டும் என்று சொல்லி அனுப்பி மூன்று மாதமாகிறது. இது ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு தடவை வயிற்றில் தங்கவில்லை. அதனால் இடது பக்கம் ஒருக்களித்தபடியே கிடந்தேன். பார்க்க வருகிறவர்கள் ‘போனைக் கீழே வையேன்’ என்று புத்தி சொன்னார்கள். வைத்துவிட்டு என்ன செய்ய? மின்விசிறி றெக்கையை எண்ணவா? மூன்றுதான் இருக்கிறது.

இந்த விளையாட்டு எனக்குப் புதிதல்ல. என்னோடு பள்ளியில் படித்த சபிதாவும் நானும் நான்கு வருடமாகக் கூட்டாக ஆடுகிறோம்; இதில் யார் பண்ணையையும் யாரும் எட்டிப் பார்க்கலாம். அவள் கயத்தாற்றில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். விளையாட்டில் ‘வெல்மோரா’ என்று ஓர் அபூர்வ இனம். சுத்தமான குதிரை ஒன்றுகூட யாரிடமும் மிச்சமில்லை. கலப்புக் குதிரைகளை இணைத்து இணைத்து, தலைமுறை தலைமுறையாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். சுத்த இனத்துக்கு உடம்பில் ஓர் அடையாளம் இருக்குமாம். என்ன அடையாளம் என்று விளையாட்டு சொல்லாது. குட்டி விழுந்து அரைமணி நேரம் கழித்துச் சான்றிதழ் வரும், அதில்தான் தெரியும்.

ஐந்தாம் தலைமுறையில் எங்களுக்கு எஞ்சியவள் கருப்பாயி மட்டும். வயதாகிவிட்டது. இரண்டு தடவை குட்டி செத்துப் பிறந்தது. இதுதான் கடைசி ஈத்து.

நான் யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள் வேண்டுதல்போல ஒன்று முடிந்து வைத்திருந்தேன். கருப்பாயி குட்டி உயிரோடு விழுந்தால் என் பிள்ளையும் உயிரோடு வரும். பைத்தியக்காரத்தனம்தான். நீங்கள் மூன்று மாதம் படுத்துப் பாருங்கள், இதைவிடப் பெரிய பைத்தியம் பிடிக்கும்.

குட்டி உயிரோடுதான் விழுந்தது. தார் நிறத்தில் பெட்டைக் குட்டி, விழுந்ததும் எழுந்து நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன், விரலால் படத்தைப் பெரிதாக்கி முதுகைப் பார்த்தேன்.

முதுகுத்தண்டுக்கு இரண்டு பக்கமும், நேருக்கு நேர், இரண்டு மயிர்ச்சுழி.

என் அப்பா மாட்டுத் தரகர். எங்கள் வீட்டில் எழுத்துக்கு முன்னால் சுழி படிப்போம். பாடைக்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்பதுபோல் முதுகில் சுழி இருந்தால் அது பாடைச்சுழி. வைத்திருக்கிறவனைப் பாடையில் ஏற்றாமல் விடாது. எவ்வளவு நல்ல மாடானாலும் அப்பா அதன் கயிற்றைத் தொட மாட்டார்.

‘இது வெறும் படம்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். உயிரோடு விழுந்ததை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டவள் சுழியை மட்டும் படம் என்று எப்படித் தள்ளுவது? ‘வெளியே விடு’ என்று ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினேன். குட்டி திறந்தவெளிக்குப் போனது. அங்கே விட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், விட்டவர் மட்டும் திரும்ப எடுக்க முடியாது, எடுத்தவராகக் கொடுத்தால்தான் உண்டு.

அரைமணி நேரத்தில் சபிதா கூப்பிட்டாள். கடையில் நின்றுகொண்டே கத்தினாள்.

“ஏட்டி தங்கம், சான்றிதழ் வந்துட்டுட்டி! சுத்த இனம்! நாலு வருசம்ட்டி! குட்டி எங்கன? உன் லாயத்துல காணோம்?”

“விட்டுட்டேன்.”

“எதை விட்ட?”

“குட்டியைத்தான். பாடைச்சுழிட்டி. ரெண்டு பக்கமும் இருக்கு.”

“ஏசுவே... அதுதாம்ட்டி அடையாளம்! முதுகுல இரட்டைச் சுழின்னு போட்டிருக்கான்! இரு, நான் போய் எடுக்கேன்.”

அவள் திறந்தவெளிக்குள் போவதற்குள் குட்டியை யாரோ எடுத்திருந்தார்கள். எடுத்தவர் பெயர்கூட இல்லை, ஏழு எண்கள்தான் இருந்தன. ‘கடையில ஆள் நிக்கி’ என்று சபிதா போனை வைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உயிரோடு வந்ததை நானே என் கையால் வெளியே தள்ளியிருக்கிறேன். முடிந்து வைத்ததற்கு இப்போது என்ன பலன்? வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த ஏழு எண்ணுக்குச் செய்தி எழுதினேன். எந்த நாட்டுக்காரரோ என்று போனிலேயே ஆங்கிலத்துக்கு மாற்றி அனுப்பினேன். குட்டியைத் தந்துவிடுங்கள் என்றேன். போன இரண்டு பிள்ளைகளைப் பற்றியும் எழுதினேன். என் தாயிடம்கூட அவ்வளவு சொன்னதில்லை. பதில் வரவில்லை.

ஒன்றரை மணிக்கு என் வீட்டுக்காரர் மந்திரமூர்த்தி சாப்பிட வந்தார். லோடு வண்டி ஓட்டுகிறார். அன்றைக்குத் திருநெல்வேலிக்கு மக்காச்சோளம். அவர் கை கழுவிவிட்டு என் தலைமாட்டில் தட்டோடு உட்கார்ந்தார். நான் அவருக்குத் தெரியாமல் போர்வைக்குள் இன்னொரு செய்தி அனுப்பினேன்.

அவர் சட்டைப்பையில் டிங் என்றது.

சந்தேகத்தில் வெறும் புள்ளி ஒன்றை அனுப்பினேன். மறுபடியும் டிங்.

“நீங்களா?” என்றேன்.

சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: “நீ படுத்ததுல இருந்து நானும் அதுல இருக்கேன். நாள் பூரா நீ என்னத்தப் பாக்கன்னு தெரியணும்லா. லோடு ஏத்தும்போது உன் பண்ணையத்தான் பாத்துக்கிட்டிருப்பேன். இன்னைக்கு சுழியையும் பாத்தேன், நீ விட்டதையும் பாத்தேன்.”

“தெரிஞ்சுமா எடுத்தீங்க?”

“வேற ஆள் எடுக்கிற வரைக்கும் அது உன் பேர்லதானட்டி நிக்கும்? வச்சிருக்கவனுக்குத்தான பாடை. எம்பேர்ல இருக்கட்டும். உனக்கும் பிள்ளைக்கும் ஒண்ணும் வராது.”

“எனக்கு மாத்தி விடுங்க. உங்க காலப் பிடிக்கேன்.”

“பேறுகாலம் முடியட்டும். தாரேன்.”

அழுதேன், திட்டினேன், அவர் தட்டைப் பிடித்து இழுத்தேன். அவர் சிரித்தபடி என் தலையணையைச் சரிசெய்துவிட்டு எழுந்தார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்கியிருப்பேன். எழும்பினால் பிள்ளை போய்விடும். படுத்துக்கொண்டே அவர் போவதைக் கேட்டேன்.

வண்டி ஓட்டும்போது அவர் போனை எடுப்பதில்லை. சபிதாவைக் கூப்பிட்டு, குட்டி யாரிடம் இருக்கிறது என்று சொன்னேன். சந்தோஷத்தில் கூவினாள். “இனம் தப்பிச்சுட்டுட்டி!”

“அதை விடு. உன் கடை திருநெல்வேலி ரோட்டு மேலதான இருக்கு? வெளிய வா. அவிய வண்டி போகுதான்னு பாரு. நீலத் தார்ப்பாய்.”

“எப்பக் கிளம்புனாவ?”

“முக்கால் மணி நேரமாச்சு.”

“இங்க அரைமணி நேரத்துல வந்திரலாமே” என்றாள். பிறகு அவள் செருப்புச் சத்தமும் லாரிகள் போகிற சத்தமும் கேட்டன.

“இன்னும் வரலட்டி.”

“நல்லாப் பாரு.”

“பாத்துக்கிட்டுத்தான் நிக்கேன்.”

வயிற்றுக்குள் பிள்ளை புரண்டு உதைத்தது. மூன்று மாதத்தில் இவ்வளவு பலமாக உதைத்ததே இல்லை. அவர் சொன்னபடியே பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது எனக்கு அதுதான் பயமாக இருந்தது.