புள்ளிக் கோடுகள்

காலடிப்பேட்டையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு ஓமான் நாட்டு மலைகளுக்குக் கோடு போடுவதுதான் என் வேலை. நூறு வருடத்துக்கு முந்தைய வரைபடங்களை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். கடலை ஒட்டி எழும்பும் அந்தக் கரடுமுரடான மலைத்தொடரின் உயரக் கோடுகள்மேல் நான் மவுஸால் மறுபடி கோடு இழுப்பேன். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் லேசான சரிவு. அவ்வளவுதான் என் மலையறிவு. நேரில் நான் ஏறியது பரங்கிமலை மட்டும்.

அந்த ஓமான் மலையில்தான் என் தம்பி அஃப்ரித் செல்போன் டவர் வேலை செய்கிறான். பீற்றிக்கொள்ளும் ஆசையில், போன வாரம் முடித்த வரைபடத்தை அவன் போனுக்கு அனுப்பிவைத்தேன். யார் கேட்டார்கள் என்னை?

இன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அவனிடமிருந்து செய்தி வந்தது. "மேல வேல முட்ஞ்சிச்சுக்கா. வண்டி வர்ல. உன் மேப்ப பாத்து குறுக்கால எறங்கிகினு கீறோம்."

பெருமையாக இருந்தது. எந்த வழியாக இறங்குகிறான் என்று பார்க்க மூலத் தாளைத் திறந்தேன். அந்தப் பக்கத்துக் கோடுகள் அதில் புள்ளி புள்ளியாக இருந்தன. பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று நான்தான் ஒரே பட்டனில் எல்லாவற்றையும் முழுக் கோடாக்கியிருந்தேன். ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. அதுவரை நான் படிக்காத குறிப்பு: 'புள்ளிக் கோடுகள் கப்பலிலிருந்து கண்மதிப்பாக வரைந்தவை. மூடுபனியால் இப்பகுதியை அளக்க முடியவில்லை.'

போன் போட்டேன். கிடைக்கவில்லை. மறுபடி போட்டேன்.

"என்ன லுப்னா, மூஞ்சி இப்படி வெளிறிக் கெடக்கு?" என்றார் முதலாளி ராமசுப்பு. நான் மறுபடி அவன் எண்ணை அழுத்தினேன். யா அல்லா, அவனை எங்கேயாவது நிறுத்திவை.

ஏழாவது முறை எடுத்தான்.

"அஃப்ரித், நில்லுடா! எல்லாரையும் நிக்க சொல்லு!"

"இன்னாத்துக்குக்கா கத்துற? ஒரே பனி, காலுகூட தெர்ல. ஆனா லேசான சரிவுதான் போட்டுகீது. உன் மேப்பு கையில கீதே, இன்னா பயம்?"

"அங்க எவனும் அளக்கவே இல்லடா! நான் அழகுக்குப் போட்ட கோடு அது. முன்னால ஒரு கல்ல போட்டுப் பாரு."

அவன் குனிந்து கல் பொறுக்குவது கேட்டது. எறிந்தான். போனைக் காதில் அழுத்திக்கொண்டு, கல் விழும் சத்தத்துக்காக நானும் காத்திருந்தேன்.

சத்தம் வரவே இல்லை.

அப்புறம் அவன் பேசினான். சின்ன வயதில் கரண்ட் போனால் என்னைக் கூப்பிடுகிற அதே குரல்.

"அக்கா, அப்டியே உக்காந்துட்டேன்."