ஓட ஓட செட்டாயிடும்

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு லாரி ஸ்பேர்ஸ் கடையின் கவுண்டரில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறேன். இந்தத் தொழிலில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒரே ஒரு வாக்கியம்: "ஓட ஓட செட்டாயிடுமுங்க." புதிதாகப் போட்ட புஷ் வளையம் கடகடக்கிறதா, கிளட்ச் இறுக்கமாக இருக்கிறதா, இதைச் சொல்லி அனுப்பிவிடலாம். பாதி வண்டிகளில் நிஜமாகவே செட்டாகிவிடும். மீதிப் பாதிக்காரர்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். அதனால் நான் சொன்னது பொய் என்று என்னிடமே வந்து சொன்னவர் யாரும் இல்லை.

இந்த லட்சணத்தில்தான் பெனடிக்ட் ஆகிய நான் கைக்கடிகாரம் செய்ய இறங்கினேன்.

நாற்பத்தேழு வயதில் சிலருக்குச் சர்க்கரை வரும், எனக்கு இது வந்தது. நாற்பது வருடத்துக்கு முந்தைய ஜப்பான் குவார்ட்ஸ் வாட்ச், அதிலேயே ஸ்டாப்வாட்ச்சும் உண்டு. பக்கவாட்டில் இரண்டு பட்டன். மேல் பட்டனை அமுக்கினால் நடுவிலிருக்கும் நீளமான நொடி முள் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும். நிமிடத்தைக் காட்டத் தனியாக ஒரு சின்ன முள். முழுதாக ஒன்று என் கைக்கு எட்டாது என்று தெரிந்தது. பரவாயில்லை, நாங்கள் ஐந்து லாரியைப் பிரித்து ஒரு லாரி கட்டுகிற ஆட்கள்தானே. உள்ளே ஓடுகிற மெஷின் சென்னையிலிருந்து கூரியரில் வந்தது. டயல் இன்னொரு மாடலுடையது. கேஸும் முட்களும் வாட்ச் ரிப்பேர் குமரகுருவின் பிஸ்கட் டப்பாவில் கிடைத்தன.

எல்லாம் பொருந்தியது, அந்த நீள முள்ளைத் தவிர. அதன் ஓட்டை மயிரிழை பெரிது.

"இது அந்த மெஷினோட முள்ளே இல்லீங்க," என்றார் குமரகுரு. "போட்டாலும் நிக்காதுங்க."

புஷ் லூசாக இருந்தால் இடையில் ஒரு தகடு வைத்து இறுக்குவது எங்கள் வழக்கம். இங்கே தகட்டுக்கு எங்கே போவது? மகளின் நெயில் பாலிஷை ஊசி முனையில் ஒரு சொட்டு எடுத்து வைத்தேன். முள் பிடித்துக்கொண்டது. "ஓட ஓட செட்டாயிடுமுங்க," என்று குமரகுருவிடமே சொன்னேன். என் வாடிக்கையாளர்கள் என்னைப் பார்க்கிற மாதிரியே அவர் பார்த்தார்.

வீட்டில் அந்தோணிமேரி, என் மனைவி, அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏனுங்க, நாலு வாட்ச்சக் கொன்னு ஒண்ணு பண்ணியிருக்கறீங்க. ஞாயித்துக்கெழமை ஃபாதர்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணீட்டு வாங்க."

என் மகள் பிரின்சி மட்டும்தான் அதை மதித்தாள். பிளஸ் ஒன் படிக்கிறாள், எண்ணூறு மீட்டர் ஓடுகிறாள். அக்டோபரில் நாமக்கல்லில் மண்டலத் தேர்வு. இரண்டு நிமிடம் முப்பது நொடிக்குள் ஓடினால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். ஜூனில் பி.டி. டீச்சர் பார்த்தபோது இரண்டு நாற்பத்திரண்டு. பன்னிரண்டு நொடியைக் குறைக்க வேண்டும். அந்த வருடம் அவளுக்கு வேறு ஆசையே கிடையாது, தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுப் பெண்கள் துணி எடுக்கப் போனபோதுகூட இவள் ஷூவைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள். நமக்குத்தான் கையில் ஜப்பான் மெஷின் இருக்கிறதே என்று டைம் பார்க்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

தினமும் காலையில் பனமரத்துப்பட்டி ஏரிக்கரை. பைக் மீட்டரில் நானூறு அளந்து கல் நட்டிருந்தோம். அதைத் தொட்டுத் திரும்பி என்னிடம் வரவேண்டும். நான் கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டு, "வா சாமி, வா சாமி!" என்று கத்துவேன். ஜூலையில் இரண்டு நாற்பது. ஆகஸ்டில் முப்பத்தாறு. செப்டம்பரில் முப்பத்திரண்டு. பிறகு இரண்டு முப்பது, மறுநாளும் இரண்டு முப்பது. கடையில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "மிஷின் மாதிரி ஓடறாளுங்க," என்று பீற்றிக்கொண்டேன்.

"போன்லயும் ஒருக்காப் பாத்துக்கலாங்களாப்பா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"போனு பேசறதுக்கு சாமி. டைமுக்கு இது."

நாமக்கல் மைதானத்தில் துப்பாக்கி வெடித்ததும் பிரின்சி முதல் மூன்று பேரோடு ஒட்டிக்கொண்டாள். முதல் சுற்று அப்படியே போனது. நான் கத்திய கத்தலில் பக்கத்திலிருந்தவர் தள்ளிப் போய் நின்றார். கடைசி இருநூறில் அவள் கால் கனத்துவிட்டது. ஒவ்வொருத்தியாகத் தாண்டிப் போனார்கள். ஆறாவதாக வந்து, மைதானத்தின் அந்த ஓரத்தில் புல்லில் விழுந்தாள்.

என் வாட்ச்சைப் பார்த்தேன், இரண்டு முப்பது! தேறிவிட்டாளே! ஆனால் நடுவர்கள் மேஜையில் இரண்டு நாற்பத்துமூன்று என்று எழுதியிருந்தார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. நேராக டைம் எழுதும் தமிழ்ச்செல்வி மேடத்திடம் போனேன்.

"என்னங்க மேடம், புள்ளைங்க வாழ்க்கையில வெளையாடறீங்க? ஜப்பான் மிஷினுங்க இது, பாருங்க!" என்று மணிக்கட்டை அவர் முகத்துக்கு நேரே ஆட்டினேன்.

அவர் பொறுமையாகப் பார்த்தார். "இருபத்தெட்டு காட்டுதுங்க சார்."

"முப்பதுங்க," என்று மறுபடி ஆட்டினேன்.

"இப்ப முப்பத்திரண்டுங்க." மறுபடி பார்த்தார். "ஸ்டாப் பண்ணீட்டீங்கதானுங்களே? அப்பறம் ஏனுங்க இன்னும் ஓடுது?"

முள் தொளதொளவென்று ஆடி, டயலில் ஆறு மணி இருக்கும் இடத்தில் போய்த் தொங்கி நின்றது. அங்கேதான் முப்பது என்று போட்டிருக்கிறது. நெயில் பாலிஷ் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, கடைசியில் முழுதாக விட்டுப்போயிருக்கிறது. பிடிப்பில்லாத முள், கையை ஆட்டிவிட்டு முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தால், கீழேதான் விழும். என் ஏரிக்கரையில் எருமை ஓடியிருந்தாலும் இரண்டு முப்பதுதான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அதற்கும் ஒரு படி மேலே போய், கூடத்தைக் கட்டியவரிடமே சண்டைக்குப் போயிருந்தேன்.

திரும்பும்போது புதுச்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தினேன். பிரின்சி கிளாஸைத் தொடவில்லை. மேஜையில் நடந்தது அவளுக்குத் தெரியாது.

"பயந்துட்டேங்கப்பா," என்றாள். "டெய்லி ரெண்டு முப்பது ஓடறவ. அங்க போய் பயந்துட்டேன். என்னால முடிஞ்சதக் கெடுத்துக்கிட்டேன்."

பேசாமல் இருந்திருக்கலாம். இரண்டு முப்பது ஓடினவள் என்ற பெருமையாவது அவளிடம் மிஞ்சும். ஆனால் அந்தப் பெருமையோடு பயந்தாங்கொள்ளி என்ற பட்டமும் அவளோடேயே இருந்துவிடும். வாட்ச்சைக் கழற்றி அவள் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் பட்டனை அமுக்கினாள், நிறுத்தினாள், நிமிர்த்திப் பிடித்தாள். முள் கீழே விழுந்தது. மூன்று தடவை செய்து பார்த்தாள்.

"அப்ப நெசமா நான் எவ்வளவு ஓடுனேன்?"

"தெரியலை சாமி."

"நாலு மாசமா?"

"நாலு மாசமா."

"ரெண்டு முப்பதுன்னு நம்பித்தானுங்கப்பா மொத ரவுண்டுல அவளுகளோட போனேன். இல்லீன்னா என் வேகத்துலயே ஓடியிருப்பேன்." சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வாடிக்கையாளர் யாராவது சட்டையைப் பிடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மூன்று நாள் அவள் ஓடப் போகவில்லை. கடிகாரத்தை நான் குமரகுருவின் டப்பாவிலேயே கொண்டுபோய்ப் போட்டேன். அவர் டப்பாவின் மூடியைப் போட்டு மூடினார், அதுவே பெரிய தண்டனை.

நான்காம் நாள் காலையில் ஷூ போட்டுக்கொண்டு என்னை எழுப்பினாள். ஏரிக்கரையில் போனை என் கையில் கொடுத்தாள். "பட்டனை மட்டும் அமுத்துங்க. கத்தறது உங்க இஷ்டம்."

கத்தினேன், ஆனால் கையை ஆட்டவில்லை. வந்து முழங்காலில் கை ஊன்றி நின்றாள். இரண்டு நிமிடம் முப்பத்தெட்டு. ஒரு நொடிகூடக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

"ஜூனுக்கு நாலு கொறஞ்சிருக்குது," என்றாள் மூச்சு வாங்க. "இன்னும் எட்டு."

பழக்க தோஷம், "ஓட ஓட..." என்று வாய் ஆரம்பித்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பிரின்சி நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குச் சொல்லலாங்கப்பா. வாட்ச்சுக்குத்தான் சொல்லக் கூடாது."