ஐரீனுக்காக எழுந்து நிற்பவர்கள்

என் மனைவி வெர்னா இறந்து பதினெட்டு வருடம் ஆகிறது. நான் சொல்லவில்லை, தொலைக்காட்சி சொல்கிறது. அவள் என்னவோ இந்த நிமிடம் அடுப்படியில் சிப்பிக்கறி பஃப்ஸுக்கு மாவு மடித்துக்கொண்டு, "க்ளாரி, அந்த ரேடியோவக் குறைச்சுத் தொலை, காது கிழியுது" என்று கத்திக்கொண்டுதான் இருக்கிறாள்.

விஷயம் இதுதான். பதினெட்டு வருடம் முன்னால் எங்கள் கோரா விரிகுடாவில் 'இன்ஸ்பெக்டர் பெண்ட்ரி' என்ற தொடரைப் படம்பிடிக்க வந்தார்கள். பெண்ட்ரி கொலைகாரர்களைத் துப்பறிந்து பிடிக்கிற போலீஸ்காரர். அவருடைய மனைவி ஐரீன், கதை தொடங்குவதற்கு முன்பே செத்துப்போனவள். அவர் மேசையில் வைக்க ஐரீனின் புகைப்படம் ஒன்று வேண்டியிருந்தது. படகுத்துறையில் என்னுடைய கல் இறால் கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த வெர்னாவை நிறுத்தி ஒரு படம் எடுத்தார்கள். "சிரிக்காதீங்கம்மா, நீங்க இறந்தவங்க" என்றானாம் கேமராக்காரன். ஒரே ஒரு படம். தொடர் எட்டு வருடம் ஓடியது. ஒவ்வொரு வாரமும் கொலைகாரனைப் பிடித்த பிறகு பெண்ட்ரி அந்தப் படத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றுவார். நாடே அழும்.

தொடர் முடிந்தும் ரசிகர்கள் விடவில்லை. ஆகஸ்ட் மாதம் டாஸ்மேனியாவில் குளிர் எலும்பைக் கடிக்கிற நேரம். அப்போது பார்த்து மெல்போர்னிலிருந்து நாற்பது பேர் கப்பலேறி வருவார்கள். ஐரீனின் நினைவு நாளாம்! எங்கள் ஊர் மன்றத்தில் திரை கட்டி, பழைய எபிசோடுகளைப் போடுவார்கள். திரையில் ஐரீனின் படம் வந்ததும் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். கம்பளிக் குல்லாய்களைக் கழற்றுவார்கள். பிறகு பின்னால் திரும்பி, தேநீர்ப் பாத்திரத்தின் பக்கத்தில் நிற்கும் வெர்னாவுக்குத் தலை வணங்குவார்கள். அவளும் செத்தவளுக்குரிய அடக்கத்தோடு லேசாகப் புன்னகைப்பாள்.

நான் மட்டும் எழுந்திருக்க மாட்டேன். எதற்கு எழ வேண்டும்? அவர்களைப் பொறுத்தவரை அவள் கணவர் பெண்ட்ரி. ஒரு தடவை ஒரு அம்மாள் என்னிடம், "நீங்க ஐரீனுக்கு என்ன உறவு?" என்று கேட்டாள். "அவங்க வீட்டுல குடியிருக்கேன்" என்றேன். அவளும் நம்பிவிட்டாள்.

ஆனால் வெர்னாவுக்கு அந்த நாற்பது பேர்தான் எல்லாம். எங்களுக்குக் குழந்தை இல்லை. யாருக்கு முட்டியில் ஆபரேஷன், யார் பேத்திக்குக் கல்யாணம் என்று அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. ஜூலையிலேயே வீட்டின் பின்னறையை ஒழித்து, கம்பளிகளை வெயில் கிடைத்த அன்று காயப்போடுவாள். அந்த ஒரு வாரத்துக்காக அவள் முகத்தில் வரும் களையைப் பார்ப்பதற்காகவே நானும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போவேன்.

இந்த வருடம் ஏப்ரலில் இடி விழுந்தது. பெண்ட்ரியின் இளமைக்காலக் கதையைப் புதுத் தொடராக எடுக்கிறார்களாம். அதில் ஐரீன் உயிரோடு வருகிறாளாம். டாம்சின் என்று இருபத்தைந்து வயசுப் பெண் நடிக்கிறாளாம்.

வெர்னா செய்தியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "உயிரோட ஒரு ஐரீன் வந்துட்டா. இனிமே செத்தவளப் பாக்க யாரு கப்பல் ஏறி வருவா?"

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. "வராட்டி போறாங்க" என்றேன். அன்று இரவுச் சாப்பாட்டுத் தட்டு மேசையில் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவள் சாயங்காலமானால் போனை எடுத்துக்கொண்டு துணி துவைக்கிற கொட்டகைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அரைமணி கழித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவாள். மூக்கு சிவந்திருக்கும். யாரோ ஒரு சிநேகிதியிடம் அழுகிறாள் என்று நினைத்தேன். கேட்டால், "ஒண்ணுமில்ல போ" என்பாள். எவளோ ஒரு சின்னப் பெண் வந்து என் வெர்னாவின் இடத்தைப் பிடுங்குவதாவது!

ஆகஸ்டும் வந்தது, ரசிகர்களும் வந்தார்கள். முதல் எபிசோடை ஊருக்கெல்லாம் காட்டுவதற்கு முன்னால் இவர்களுக்குத்தான் காட்டுகிறார்கள், அதுவும் எங்கள் மன்றத்திலேயே, அந்தப் பெண்ணும் நேரில் வருகிறாள் என்று ஒரே அமர்க்களம். நான் நேரே நெவிலிடம் போனேன். அவன்தான் ரசிகர் சங்கத் தலைவன். டிராமில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன், இன்னும் கழுத்தில் விசில் தொங்கும்.

"நெவில், உனக்கு வெக்கமா இல்ல?"

"எதுக்குப்பா?"

"என் பொண்டாட்டி சுட்ட பஃப்ஸ இத்தன வருஷம் தின்னுட்டு, நாளைக்கு வேற ஒருத்திக்கு எழுந்து நிப்பியா?"

நெவில் விசிலை விரலில் உருட்டினான். "நானும் அதத்தான்ப்பா யோசிச்சுட்டிருக்கேன். மனசு ஒப்பல. ஆனா அந்தப் பொண்ணு நேர்ல வர்றாளே?"

"வரட்டும். யாரும் கல்லெறிய வேண்டாம். சும்மா உக்காந்திருங்க. எழுந்திருக்காதீங்க, அவ்வளவுதான்."

மறுநாள் காலைச் சாப்பாட்டுக்குள் நாற்பது பேருக்கும் சேதி போய்விட்டது. டோரி என்ற அம்மாள், பெண்ட்ரியின் பெயரையே குல்லாயில் பின்னிப் போட்டிருப்பவள், என்னைக் கட்டிப்பிடித்து, "எங்களுக்கு ஐரீன் ஒருத்திதான், க்ளாரி" என்றாள். அவள் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் ஏதோ பெரிய யுத்தம் ஜெயித்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணிக்கு மன்றம் நிறைந்துவிட்டது. டாம்சின் வந்தாள். திரையில் நடிப்பவள் என்றே சொல்ல முடியாது, நகத்தைக் கடித்துக் கடித்து விரல்நுனி சிவந்திருந்தது. மழையில் ஷூ நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "நீங்கதானே க்ளாரி?" என்றாள். என் பெயர் இவளுக்கு எப்படித் தெரியும்? "ஆமா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். நான் கடைசி வரிசையில் வெர்னாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

விளக்கு அணைந்தது. இளம் பெண்ட்ரி வந்தான், ஒல்லிக்குச்சி.

"மூக்கு சரியில்லையே" என்றது ஒரு குரல்.

"வாய மூடு, நடையப் பாரு! அப்படியே அந்த நடை!"

அவன் ஒரு பழைய கடையில் ஓட்டைக் குடை வாங்கினான். அந்தக் குடை பெரிய பெண்ட்ரி எட்டு வருடமும் தூக்கிக்கொண்டு திரிந்த குடை. "ஐயோ, இங்கதான் வாங்கினாரா!" என்று டோரி தேம்பினாள். ஒரு ஓட்டைக் குடைக்கு நாற்பது பேர் மூக்குச் சிந்தினார்கள். பைத்தியங்கள்.

பிறகு ஒரு ரொட்டிக்கடைக் கதவு திறந்தது. கையெல்லாம் மாவோடு ஐரீன் வெளியே வந்தாள்.

ஒரு நாற்காலி கூட நகரவில்லை. தகரக் கூரையில் மழை விழும் சத்தம் மட்டும். முன்வரிசையில் டாம்சின் லேசாகத் திரும்பிப் பார்த்தாள். எழுந்து நிற்கிற வழக்கத்தை யாரோ அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவள் கழுத்து தோளுக்குள் போய்விட்டது.

வெர்னா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஏன் யாரும் எழுந்திருக்கல?"

"அவங்க இஷ்டம்."

"பாவம் க்ளாரி அந்தப் பொண்ணு."

திரையில் பெண்ட்ரி அவளிடம் பெரிய மனுஷன் மாதிரி ஏதோ சொல்லிவிட்டு, புது பூட்ஸோடு மீன் கழுவிய தண்ணீரில் சறுக்கிக் குப்புற விழுந்தான். ஐரீன் சிரித்தாள்.

முதலில் சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. அப்புறம் மூக்கால் ஒரு கர்ர்ர். வெட்கத்தில் புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையையும் மீறி இன்னொரு கர்ர்ர்.

எனக்குப் பின்கழுத்து சிலிர்த்தது. முப்பத்தொரு வருடமாக என் வீட்டில் கேட்கிற சிரிப்பு அது. நான் படகிலிருந்து பல்டியடித்துக் கடலில் விழுந்த அன்று படகுத்துறையில் நின்று ஒருத்தி இப்படித்தான் சிரித்தாள். கோபத்தோடு கரையேறி, அவளையே கல்யாணம் செய்துகொண்டேன். இந்த ரசிகர்கள் யாரும் அதைக் கேட்டதில்லை. அவர்கள் முன்னால் அவள் அடக்கமாகப் புன்னகைப்பதோடு சரி. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வாய் மூடிய ஒரு படம்தான்.

வெர்னாவைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"நீ சொல்லிக் குடுத்தியா?"

"மூணு மாசமா, போன்ல" என்று கிசுகிசுத்தாள். "அவளே கூப்பிட்டா. 'அந்தப் போட்டோவுல நீங்க சிரிக்கலையே, சிரிச்சா எப்படி இருப்பீங்க'ன்னு கேட்டா. இத்தன வருஷத்துல ஒருத்தர் கேட்டதில்ல, க்ளாரி. சிரிச்சுக் காட்டுறதுக்காக நீ விழுந்த கதையெல்லாம் சொன்னேன். கொட்டகையில சிரிச்சு சிரிச்சு எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துரும்."

அடப்பாவி, நான் என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன்! அழுகை என்று நினைத்தது சிரிப்பு. அவளுக்குக் கிடைத்த ஒரு சந்தோஷத்தின் தலையில் என் கையாலேயே மண்ணள்ளிப் போட்டிருக்கிறேன். அதுவும் அவளுக்காகவாம்.

எழுந்து நின்றேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. எல்லோரும் திரும்பினார்கள். நெவில் கையால் உட்காரச் சொல்லிச் சைகை காட்டினான். "என்னப்பா, நீதானே சொன்ன?"

"நான்தான் சொன்னேன்! நான் ஒரு வடிகட்டின முட்டாள்! எழுந்திருங்கய்யா எல்லாரும், அது என் பொண்டாட்டியோட சிரிப்பு!"

டோரி முதலில் எழுந்தாள். பிறகு நெவில். பிறகு அத்தனை பேரும். குல்லாய்கள் கழன்றன. ஆனால் அதற்குள் திரையில் காட்சி மாறிவிட்டது. துறைமுகத்தில் ஒரு மீன் வியாபாரி கொலையுண்டு கிடந்தான். முன்பின் தெரியாத அந்தப் பிணத்துக்கு நாற்பது பேர் மரியாதையோடு எழுந்து நின்றோம்.

நெவில் விசில் அடித்தான். "பின்னால ஓட்டுங்கப்பா! ரொட்டிக்கடையிலிருந்து போடுங்க!"

மறுபடியும் கதவு திறந்தது, மறுபடியும் பெண்ட்ரி விழுந்தான். திரையில் ஐரீன் கர்ர்ர் என்றதும் பக்கத்தில் வெர்னாவாலும் அடக்க முடியவில்லை, அவளும் கர்ர்ர். ஜனங்கள் திரையைப் பார்க்கிறார்கள், திரும்பி அவளைப் பார்க்கிறார்கள், திரும்பத் திரையைப் பார்க்கிறார்கள். "இப்படியா சிரிப்பீங்க, ஐரீன்?" என்று டோரி வாயைப் பிளந்தாள். "என் பேரு வெர்னா" என்றாள் என் மனைவி, மூச்சு வாங்கிக்கொண்டே. முன்வரிசையில் டாம்சின் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

படம் முடிந்து தேநீர் நேரத்தில் ஒரு தட்டில் பஃப்ஸ் வைத்து எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் போனேன். "உக்காந்திருக்கச் சொன்னது நான்தாம்மா. மன்னிச்சுரு."

"தெரியும். வெர்னா இப்பத்தான் காதுல சொன்னாங்க. உங்கள நல்லா நாலு திட்டு திட்டச் சொன்னாங்க."

"திட்டு, வாங்கிக்கிறேன்."

"எனக்குப் பசிக்குது, அப்புறமா திட்டுறேன்" என்று பஃப்ஸைக் கடித்தாள்.

அந்தப் பக்கம் டோரி, "அடுத்த வருஷமும் பின்னறை எனக்குத்தான், இப்பவே சொல்லிட்டேன்" என்று வெர்னாவிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். "அந்த ரூமு எனக்கு" என்று நெவில் குறுக்கே விழுந்தான். வெர்னாவின் முகத்தில் ஜூலை மாதத்துக் களை.

டாம்சின் மெதுவாகச் சொன்னாள். "ஆறாவது எபிசோட்ல நான் செத்துடுவேன். அதப் பாக்கவும் இங்கயே வரலாம்னு இருக்கேன். அன்னிக்கு என் பக்கத்துல உக்காருவீங்களா, க்ளாரி?"

செத்தவள், செத்தவள் என்று எத்தனை வருடம் கேலி பேசியிருக்கிறேன். அது வெறும் படம், அதற்குக் குரல் கிடையாது. இப்போது அந்தப் படத்துக்குள்ளே வெர்னாவின் சிரிப்பு வந்துவிட்டது. அது நின்றுபோவதை நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம்.

"அத மட்டும் என்னால பாக்க முடியாதும்மா" என்றேன். ஐம்பது வருடம் கடலில் கத்திய குரல் பாதியில் உடைந்துபோனது. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

வெர்னா கேலி செய்வாள் என்று நினைத்தேன். செய்யவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பஃப்ஸ் துகள் ஒட்டிய கையோடு என் கையைக் கோத்துக்கொண்டாள். கடைசி ஆள் மன்றத்தை விட்டுப் போகும் வரை அந்தக் கையை எடுக்கவே இல்லை.