பூஜ்யமாவது இடத்தில் ஓட்வார்

0

(பூஜ்யத்தில் ஆரம்பிக்கிறேன். அச்சுப்பிழை இல்லை.)

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல. பக்கத்து மேசை சிக்ருன், கையிலிருந்த ரொட்டியைக் கடிக்காமலே சொன்னது. "எழுதிக்கோ. ஆனா என்னை நல்லவளாக் காட்டாதே" என்றாள். எங்கே காட்டுவது, முதல் வரியே வரவில்லை.

[நார்வேயின் ட்ரோன்ஹைமில் அன்று பனி… சே! பனி இல்லாமல் இந்த ஊர்க் கதையைத் தொடங்கவே முடியாதா?]

1

வீடு வீடாகப் போய் முதியவர்களுக்கு ஊசி போடும் செவிலியர்களின் கைபேசியில், அன்றைக்குப் பார்க்க வேண்டியவர்களின் பெயர்களைக் காட்டும் பக்கத்தை எழுதியவள் சிக்ருன். ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் பெயர்களை வரிசையாக அடுக்கினால் முதல் ஆள் நிற்பது பூஜ்யமாவது இடத்தில். அடுத்தவர்தான் ஒன்று. மனிதர்கள் ஒன்றிலிருந்துதானே எண்ணுகிறார்கள் என்று, அவள் பூஜ்யத்தில் ஒரு பொய்ப்பெயரை நிறுத்திவிட்டு ஒன்றிலிருந்து வாசிக்க வைத்திருந்தாள். வருடக்கணக்கில் ஒரு குறையும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, வேலைக்குப் புதிதாக வந்த ஐவின் அந்தப் பொய்ப்பெயரைப் பார்த்தான், நீக்கினான். எல்லோரும் ஓரிடம் முன்னே நகர்ந்தார்கள். ஒன்றில் இருந்த ஓட்வார், தனியாக வாழும் சர்க்கரை நோயாளி, பூஜ்யத்துக்குப் போனார். கைபேசியில் அவர் பெயர் வரவில்லை. பிழைச் செய்தியும் வரவில்லை. கேட்காத இடத்தைப் பற்றி இயந்திரம் எதற்கு வாயைத் திறக்கப்போகிறது?

(ஐவினை வில்லனாக்கிப் பார்த்தேன். ஒட்டவே இல்லை. சுத்தக்காரன், அவ்வளவுதான்.)

2

திங்கட்கிழமை காலை செவிலி தூரிட் போன் செய்தாள்.

"சிக்ருன், ஓட்வாரை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்களா? சனி, ஞாயிறு அவர் பேரே வரலியே."

"யாரு சேர்த்தா? அப்போ இன்சுலின் யாரு போட்டது?"

"பேரு வரலைன்னா நாங்க போறதில்லையே."

சிக்ருன் திரும்பினாள். "ஐவின், பூஜ்யத்துல ஒரு பேர் இருந்துச்சே, என்ன பண்ணே?"

"அந்தக் குப்பையா? தூக்கிட்டேன். ஒரு நன்றிகூடக் கிடையாதா?"

"அடப்பாவி! அதை எடுத்தா முதல் ஆளு காணாமப் போயிடுவாரு!"

மேலங்கிகூடப் போடாமல் ஓட்வார் வீட்டுக்கு ஓடினாள். ஐவினும் பின்னாலேயே ஓடினான்.

3

கதவுவரை கொண்டுவந்துவிட்டேன். நான் எழுதிய முடிவு இது: கதவு திறக்கிறது. "ரெண்டு நாளா எங்கய்யா ஒழிஞ்சு போனீங்க?" என்று ஓட்வார் கத்துகிறார். கத்திக்கொண்டே காப்பி ஊற்றுகிறார்.

எனக்கே பிடித்துப்போய் சிக்ருனுக்குப் படித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "அவரோட மக கிட்ட மட்டும் காட்டிடாதே."

[இன்னொரு முடிவு: விசாரணை நடக்கிறது. தப்பு என்னுடையது என்கிறாள் சிக்ருன். இல்லை, என்னுடையது என்கிறான் ஐவின். இருவரும்… வேண்டாம். யார் தலையில் கட்டினாலும் ஓட்வார் வரப்போவதில்லை.]

எனக்கு அழுகைதான் வருகிறது. காப்பி ஊற்றும் மனிதரைக் கோடு போட்டு அடித்துவிட மனம் வரவில்லை. அச்சுக்குக் கொடுக்கவும் துணிச்சல் இல்லை. வாசகரே, நீங்களே முடித்துவிடுங்கள். ஒன்றே ஒன்று: அந்த மகள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, உங்கள் முடிவை வாய்விட்டுப் படியுங்கள்.